நான் பார்க்காத படங்களுக்கு எழுதிய குறிப்புகள்

துபாயில் முதலில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், பத்திரிகை சந்தாப் பிரிவில் இருந்தேன் என்று இன்றைக்கும் வாய் கூசாமல் சொல்லிவிடுகிறேன். பாதிதான் பொய். சந்தாப் பிரிவு என்பது நிஜம். சந்தா கட்டியவர்கள் பார்த்தது பத்திரிகை அல்ல, வயது வந்தவர்களுக்கான இணையதளம். மாதாமாதம் வங்கி அட்டையில் காசு போகும், அவர்களும் மாதாமாதம் புதுப்புது படங்களைப் பார்ப்பார்கள். அதாவது பார்க்க வேண்டும். புதுப் படம் என்று ஒன்று வந்தால்தானே பார்ப்பதற்கு?

நான் திருச்சியில் ஒரு பெண்கள் மாத இதழில் ஆறு வருடம் சந்தாப் பிரிவில் இருந்தவன். முகவரிச் சீட்டு ஒட்டுவதிலிருந்து, சந்தா முடியப்போகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவது வரை எல்லாம் நான்தான். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் ஏஜென்ட் என்னை இந்த வேலைக்கு அனுப்பினான். விசாவில் டேட்டா என்ட்ரி என்று போட்டிருந்தது. துபாயில் தேரா பக்கம், ஒரு கார்கோ கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஆபீஸ். மேஜை நான்கு, ஆட்கள் மூன்று பேர். நான், ஆங்கிலம் சரிபார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர், பதினொரு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடும் முதலாளி. முதலாளி பம்பாய்க்காரர். எதைச் சொன்னாலும் கடைசியில் ‘கலாஸ்’ என்று முடிப்பார். அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது நாள்தான் விஷயம் எனக்குப் புரிந்தது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘போன மாதம் சிவப்பு சோபாவில் உட்கார்ந்திருந்த அதே பெண்ணை இந்த மாதமும் அதே சோபாவில் காட்டிவிட்டுப் புதுசு என்கிறீர்கள். என்னை மடையன் என்று நினைத்தீர்களா?’ எந்த சோபா, எந்தப் பெண் என்று பார்க்கலாமே என்று இணைப்பை அழுத்தினேன். இந்தப் பக்கம் இந்நாட்டின் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்ற அறிவிப்பு வந்து நின்றது. நாட்டின் இணைய இணைப்பே அந்த மாதிரித் தளங்களை மறித்து வைத்திருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இப்பதான் தெரியுமோ உமக்கு? நான் ரெண்டு வருஷமா இஞ்ச இருக்கிறன். ஒரு படம்கூடக் காணேல்லை. கடிதம் மட்டும்தான் வரும்.”

படம் எடுப்பது எங்கோ ஐரோப்பாவில், கணினி இருப்பது வேறொரு நாட்டில், வாடிக்கையாளர்கள் உலகம் முழுக்க. எங்களுக்கு வருவது வசவு மட்டும். சரக்கைக் கண்ணால் பார்க்காமலே, சரக்கு மோசம் என்று திட்டுபவருக்குச் சமாதானம் எழுதுவதுதான் வேலை. இதை நண்பர்களிடம் சொன்னால் கண்ணடிக்கிறார்கள். சத்தியமாக ஒரு படம்கூடப் பார்த்ததில்லை என்று நான் சொன்னதை நம்பிய ஒரு ஆளையும் இதுவரை சந்திக்கவில்லை.

அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். விசா அந்த முதலாளியுடையது, பாஸ்போர்ட் அவர் மேஜை டிராயரில். அதைவிடப் பெரிய காரணம் ஊரில் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நானும் மனைவியும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. கல்யாணமான புதிதில் அவள் மாமியார் வீட்டில், நான் திருச்சியில் மேன்ஷனில். அப்புறம் நான் இங்கே. பெண்ணுக்கு ஜூன் வந்தால் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் இரண்டு பேரையும் துபாய்க்குக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். குடும்ப விசா கிடைக்க வேண்டுமானால் சம்பளச் சான்றிதழில் ஒரு குறிப்பிட்ட தொகை இருக்க வேண்டும். என் சம்பளம் அதற்குக் கீழே இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார்: சந்தாவை நிறுத்துகிறவர்கள் தொடர்ந்து மூன்று மாதம் குறைந்தால் சூப்பர்வைசர் பதவி, சான்றிதழ், எல்லாம்.

சரி, நிறுத்துகிறவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். திருச்சியில் இதைத்தான் செய்வோம். ஒரு தொடர்கதை சொதப்பினால் மூன்றாவது மாதமே சந்தா அலுவலகத்தில் தெரிந்துவிடும். ஆசிரியருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக் கடிதங்களை அச்செடுத்து, ஆபீஸ் தரையில் பரப்பி, காரணம் வாரியாகப் பிரித்தேன். விலை அதிகம் என்றவர்கள் ஒரு சின்னக் கட்டு. மனைவிக்குத் தெரிந்துவிட்டது என்றவர்கள் அதைவிடச் சின்னக் கட்டு. மீதியெல்லாம் ஒரே புகார்தான். பழைய படம். மங்கலான படம். பத்துப் படம் என்று போட்டு ஒரே படத்தைப் பத்து விதமாக வெட்டிக் காட்டுவது. செவ்வாய் வரும் என்று சொன்னது அடுத்த செவ்வாய்க்கும் வராதது. முதல் மாதம் விளம்பரத்தைப் பார்த்து வருகிறார்கள், இரண்டாவது மாதம் உள்ளே இருப்பதைப் பார்த்து ஓடிவிடுகிறார்கள். இது புரிய எந்தப் படத்தையும் பார்க்கத் தேவையில்லை.

அந்தக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவர் பெரிய கட்டைக் கையால் எடை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“பாய், சரக்கைப் பத்தி நீ பேசாதே. புதுப் படம் எடுக்கக் காசு ஆகும். நீ கஸ்டமரைப் பிடிச்சு வை. சந்தா நிறுத்துற பட்டன் பெரிசா இருக்கு, அதைச் சின்னதாக்கச் சொல்றேன். நீ லெட்டரை இன்னும் இனிப்பா எழுது. கலாஸ்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பூஞ்சை பிடித்த ரொட்டியை விற்றுவிட்டு, திருப்பிக் கொண்டுவருகிறவனிடம் சிரித்துப் பேசு என்கிறார். ரொட்டி நன்றாக இருந்தால் அவன் ஏன் திருப்பிக் கொண்டுவருகிறான்? இந்தச் சின்ன விஷயம் ஒரு வியாபாரியின் மண்டையில் ஏறாதா? நான் செய்வது நல்ல வியாபாரம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் கெட்ட வியாபாரத்தைக்கூட இவ்வளவு கேவலமாகச் செய்ய வேண்டுமா என்றுதான் எரிச்சல். பட்டனைச் சின்னதாக்கினார்கள். நிறுத்துகிறவர்கள் குறையவில்லை, திட்டுகிறவர்கள் கூடினார்கள். நிறுத்த முடியாதவன் வங்கிக்குப் போய்ப் புகார் செய்தான்.

தரையில் பரப்பிய அந்தக் கடிதங்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தளத்தில் ஏழெட்டுப் பெண்களுக்குத் தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. அதில் ஒருத்தியின் பக்கத்துக்கு வருகிறவர்கள் மட்டும் நிறுத்துவதே இல்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று இருந்தார்கள். காரணத்தைத் தேடினால், அவள் படங்களுக்குக் கீழே தானே நாலு வரி எழுதுவாளாம். பூக்கடையில் வேலை. பல்வலி, மேல்வீட்டு நாய், மழையில் நனைந்த காலணி என்று எதையாவது எழுதுவாள். அந்த வரிகள் எங்கள் கணினி வழியாகத்தான் போகும், எழுத்துக்கு மறிப்பு இல்லை. அதனால் நான் அவள் எழுத்தை மட்டும் படித்திருக்கிறேன். அவளுடைய சந்தாதாரர்கள் படத்தைப் பற்றி எழுதுவதில்லை. பல்வலி சரியாயிற்றா என்று கேட்டு எழுதினார்கள்.

அந்தப் பெண் ஒருநாள் எழுதினாள்: ‘நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தயவுசெய்து என் படங்களை எடுத்துவிடுங்கள்.’ அவ்வளவுதான். முதலாளி அதைப் படித்துவிட்டு அன்றைக்கு ஒரு மணிக்கு மேலும் ஆபீஸிலேயே இருந்தார். தளத்திலேயே உருப்படியான ஒரே பக்கம் அது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“படம் அவளோடது நிறைய இருக்கு. தேதி மாத்தி மாத்திப் போடலாம். கீழே எழுதுறதை நீ எழுது. நீ பத்திரிகைக்காரன்தானே?”

“நான் முகவரி ஒட்டினவன் சார்.”

“அதுவும் பத்திரிகைதான். மூணு மாசம் இந்தப் பக்கம் விழாமப் பாத்துக்கோ. சான்றிதழ் டைப் பண்ணச் சொல்றேன்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஜூன் மாதம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் ஒரு வரிகூட வரவில்லை. ஐரோப்பாவில் பூக்கடையில் வேலை பார்க்கும் பெண் மனதில் என்ன நினைப்பாள் என்று வாடகை குறைவு என்று பக்கத்து ஷார்ஜாவில் ஆறு பேர் படுக்கும் அறையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? வெயில் நன்றாக இருக்கிறது, பூக்கள் அழகாக இருக்கின்றன என்று எழுதிக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர் அதைப் படித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“இது காலண்டரில போடுற வசனம். அந்தப் பிள்ளை இப்பிடியே எழுதினது? ஒரு மனுசி கதைக்கிற மாதிரி எழுதுமன்.”

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போன் செய்யும் வழக்கம். ஜும்மா முடிந்து கடைகள் திறக்கும் நேரத்தில் போன் கார்டு வாங்கி, ரோலா பூங்காவில் ஒரு மர நிழலைப் பிடித்துக்கொள்வேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் மனைவி பேசுவதை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. பாப்பா சாப்பிட்டாளா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா என்று நான் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். இடையில் அவள் எதையாவது கதை மாதிரி ஆரம்பித்தால், கார்டு தீரப்போகிறது, விஷயத்துக்கு வா என்பேன். அந்த வெள்ளிக்கிழமை அவள் சுவர்க்கடிகாரம் கெட்டுப்போனதைச் சொன்னாள். மாட்டினால் ஓட மாட்டேன் என்கிறதாம், கீழே மல்லாக்கப் படுக்க வைத்தால் ஓடுகிறதாம்.

“அதனால தலைமாட்டுல படுக்கப் போட்டு வெச்சிருக்கேன். மணி பாக்கணும்னா குனிஞ்சு பாக்கணும். எனக்கும் அதுக்கும் ஒரே நெலமைதான். படுத்தாத்தான் ஓடுது.”

நான் சிரித்தேன். பிறகு, மேலே சொல் என்றேன். அவள் ஒரு நொடி தயங்கியது எனக்குக் கேட்டது. அப்புறம் சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்குக் கார்டு தீரும் வரைக்கும் நான் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் கடிகாரத்தை எழுதினேன். தமிழில் எழுதிக் கொடுத்தேன், யாழ்ப்பாணத்துக்காரர் அழகாக ஆங்கிலமாக்கினார். அடுத்த நாளே பதில்கள் வந்து குவிந்தன. ஒருவர் தன் வீட்டிலும் அப்படி ஒரு கடிகாரம் இருந்ததாகவும், அது தன் மனைவியுடையது என்றும், அவள் போனபின் அதை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். எனக்கு என்னவோ போலிருந்தது. அதே சமயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு வாரம் தவறவில்லை. வெள்ளிக்கிழமை அவள் பேசுவாள், சனிக்கிழமை நான் எழுதுவேன். கோயில் வாசலில் ஒரு கால் செருப்பு மட்டும் திருட்டுப் போனது நீச்சல்குளத்தில் ஒரு கால் காலணி தொலைந்ததாக மாறியது. மாடிவீட்டுக்காரர் படியிறங்குவதற்கு முன்னால் தான் வருவதாக அறிவிக்க இருமுவது அப்படியே போனது, இருமலுக்கு நாடு தேவையில்லை. எங்கள் மகள், பூக்கடைப் பெண்ணின் அக்கா மகள் ஆனாள். தூக்கம் வராமல் ரேடியோவைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு அதன் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அதையும் எழுதினேன்.

அந்தப் பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் அநேகமாக இல்லாமலே போனார்கள். மற்றப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் இங்கே வந்தார்கள். படங்கள் பழையவை என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் முதலிலேயே சொன்னதுதான், உள்ளே நல்லதாக ஏதாவது இருந்தால் மனிதன் இருப்பான். முதலாளி இதைப் பார்த்துவிட்டு, பட்டனைச் சின்னதாக்கியதன் பலன் இப்போதுதான் தெரிகிறது என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் வேறொன்று நடந்தது. அவள் குரலே மாறியிருந்தது. போன் எடுத்ததும், இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல மூணு விஷயம் சேத்து வெச்சிருக்கேன் என்று ஆரம்பிப்பாள். நான் கேள்வி கேட்பேன். மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது, அந்த அம்மாள் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள், அப்போது உனக்கு எப்படி இருந்தது?

“இப்பல்லாம் நீங்க நல்லாக் கேக்குறீங்க,” என்றாள் ஒருநாள். “அங்க போனப்புறம் மாறிட்டீங்க. அக்காகிட்டகூடச் சொன்னேன்.”

நான் பேச்சை மாற்றினேன்.

அந்த மாதத்திலேயே, நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. படங்களை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாள். கீழே யாரோ எழுதுவதைப் படித்தேன், அது நான் இல்லை என்றும் ஒரு வரி. கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலைதானே, எழுதினேன். ‘தங்கள் கோரிக்கை கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது.’ இந்த வரியை எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு அனுப்பியதை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் சோறு இறங்காது. முதலாளியிடம் எடுக்கச் சொன்னேன். ஜூன் வரைக்கும் இரு என்றார். என் ஜூனைத்தான் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்தது. சான்றிதழ் டைப் ஆகி வந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. ஊரில் அவள் பெண்ணுக்குப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். கிரைண்டரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். பாப்பா, துபாயில் மழை பெய்யுமா என்று போனில் என்னைக் கேட்டாள்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஒரு வருடமாகச் சந்தாவில் இருப்பவர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ‘அன்புள்ள பெண்ணே, உன் குறிப்புகளை நான் தேதி போட்டு வைத்திருக்கிறேன். கடந்த மூன்று மாதமாக நீ எல்லா வெள்ளிக்கிழமையும் வீட்டில் இருக்கிறாய், தாமதமாக எழுகிறாய், துணி துவைக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூட்டமான பஸ்ஸில் வேலைக்குப் போகிறாய். உன் ஊரில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எந்தப் பூக்கடையும் திறக்காது, எந்த பஸ்ஸும் நிறையாது. நான் இளமையில் எண்ணெய்க் கம்பெனி வேலையாக வளைகுடாவில் இரண்டு வருடம் இருந்தேன். வெள்ளிக்கிழமை ஓய்வெடுக்கும் ஊர்கள் எவை என்று எனக்குத் தெரியும். நீ யார்? எங்கிருந்து எழுதுகிறாய்?’

நான் படித்து முடித்துவிட்டுக் கடிதத்தை யாழ்ப்பாணத்துக்காரர் பக்கம் தள்ளினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“ஐயோ,” என்றார். “பதினொரு வருஷமா வெள்ளிக்கிழமைதானே எங்களுக்கு லீவு. மஸ்கட்டில ரூவியில இருக்கேக்கையும் அப்பிடித்தான், இஞ்சயும் அப்பிடித்தான். எனக்கும் கண்ணில படேல்லை ஐசே. வெள்ளி எண்டால் லீவுதானே எண்டு நானும் திருத்தாமல் விட்டிட்டன்.”

பெயர், ஊர், செருப்பு, கோயில் எல்லாவற்றையும் மாற்றினேன். வாரத்தை மாற்றத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது என் உடம்பில் அவ்வளவு தூரம் ஊறியிருந்தது. அது ஒரு தவறு என்று எழுதும்போது ஒரு கணம்கூடத் தோன்றியதில்லை.

டிரைவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சந்தாதாரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பலகையில் தேதிகளோடு எல்லாவற்றையும் போட்டுவிட்டார். ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் காலியானது. பழைய படம் என்று திட்டிவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பழக்கம். இவர்கள் திட்டவில்லை, அழாத குறையாக எழுதினார்கள். மனைவியின் கடிகாரத்தை நிறுத்திவைத்த அந்தக் கடிகாரக்காரர், ‘அந்த வரிகளை எழுதியது யாராக இருந்தாலும், அந்த ஆள் நிஜமாகவே தனியாக இருக்கிறார்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினார். வங்கிகளுக்குப் புகார்கள் போயின. எங்களுக்காக அட்டையில் பணம் பிடித்துக்கொடுத்த கம்பெனி, இனி உங்களோடு வேலையில்லை என்று எழுதிவிட்டது. தளம் மூடப்பட்டது. அந்தப் பெண்ணின் படங்கள் கடைசியில் அப்படித்தான் இறங்கின, நாங்கள் இறக்கியதால் அல்ல.

முதலாளி கொஞ்சமும் கலங்கவில்லை. வேறு பெயரில் வேறு தளம் தயாராக இருந்தது. என் சான்றிதழை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

“திங்கள்லேருந்து புதுப் பேரு, புதுப் பொண்ணு. நீ அதே மாதிரி எழுது. இந்தத் தடவை சண்டே லீவுன்னு போடு. மறுபடியும் மூணு மாசம், அப்புறம் கையெழுத்து. கலாஸ்.”

“சார், ஜூன் போயிடும்.”

“அடுத்த ஜூன் வருமில்லே?”

அந்த மனிதரை அடிக்காமல் வெளியே வந்தது என் வாழ்க்கையில் நான் காட்டிய பெரிய பொறுமை. ஆனால் யோசித்துப் பார்த்தால் கோபம் முழுவதும் அவர் மேல் மட்டும் இல்லை. மூன்று மாதம்தானே, எழுதிவிடலாம் என்று என் மனதுக்குள்ளேயே ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை போன் செய்தேன். விசா தள்ளிப்போகிறது என்று சொல்ல வேண்டும், புதுத் தளத்துக்கு இரண்டு கதையும் வாங்க வேண்டும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே கார்டுதான் வாங்கியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“என்னங்க, இந்த வாரம் ஒண்ணு நடந்துச்சு, உங்களுக்குன்னே வெச்சிருக்கேன். நம்ம பீரோ சாவி...”

“சொல்லாதே,” என்றேன்.

“ஏன்? கார்டு இல்லையா?”

“சொல்லாதே. நீ சொன்னா நான் அதை எழுதிடுவேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். என்ன தளம், என்ன வேலை, கடிகாரம், செருப்பு, சத்தமில்லாத ரேடியோ, மூன்று மாதம், டிரைவர், டிராயரில் பூட்டிய சான்றிதழ், எல்லாம். பூங்காவில் எனக்குப் பக்கத்து மரத்தடியில் ஒரு மலையாளி தன் வீட்டாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

“இருக்கேன்,” என்றாள். பிறகு, “என் பேச்சுக்கு மேல இருந்தது யார் படம்?”

“தெரியாது. நான் பாத்ததில்ல. இங்க வராது.”

“என்னைக் கூட்டிப்போறதுக்காக என்னையே வித்திருக்கீங்க.”

கார்டில் இன்னும் எத்தனை நிமிடம் என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனது.

“அதைப் படிச்சவங்க என்ன சொன்னாங்க?” என்றாள்.

“யாரு?”

“படிச்சவங்கதான். ரேடியோ வெளிச்சத்தைப் பத்திச் சொன்னேனே, அதுக்கு ஏதாவது சொன்னாங்களா?”

சொன்னேன். அதைப் படித்த ஒருவர் அன்று இரவு தானும் விளக்கை அணைத்துவிட்டு ரேடியோ வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்ததாக எழுதியதைச் சொன்னேன். கடிகாரக்காரரின் மனைவியைச் சொன்னேன். நன்றாக இருக்கிறது, இன்னும் எழுது என்று பலர் கேட்டதைச் சொன்னேன்.

“நல்லா இருக்குன்னாங்களா?”

“ஆமா.”

“நீங்க ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லையே.”

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாதாரணக் குரலில், பாப்பாவை நாளைக்கு இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.